அராஸ் நீதிமன்றத்தில் எழுந்து நின்றவன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் திண்டிவனம் வாசகர் ஒருவர், நீதியைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் அயல்நாட்டு நாவல் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருந்தார். விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசெராப்ல்’ நாவலை, தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் அறிமுகமான அந்த நூலை, ஒரே வரியில் பரிந்துரைத்திருந்தேன். அந்த ஒரு வரிக்குப் புதுச்சேரி, கடலூர்ப் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்கள் இந்த இதழின் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. நாவலைப் படிக்காதவர்களும் தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காக, வேண்டிய இடங்களில் கதையையும் சொல்லியிருக்கிறேன். முடிவு முன்கூட்டித் தெரிந்துவிடக் கூடாது என்று எண்ணுபவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

கேள்வி: ஐயா, பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய நாவல் என்று நினைத்து நூலகத்தில் எடுத்தேன். பாஸ்டில் சிறையும் இல்லை, கில்லட்டினும் இல்லை. இரண்டே நாளில் நசுக்கப்பட்ட ஒரு தெருச் சண்டைதான் இருக்கிறது. இதை எப்படிப் புரட்சியின் நாவல் என்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கில்லட்டின் இருக்கிறது; முதல் பாகத்திலேயே, மரண தண்டனை பெற்ற ஒருவனுடன் பிஷப் மிரியேல் அதன் அடிவரை நடந்து போகிறார், பிறகு பல நாள் அந்தக் காட்சியிலிருந்து மீள முடியாமல் தவிக்கிறார். மற்றபடி நீங்கள் சொல்வது சரி. நாவலில் வரும் கிளர்ச்சி 1832ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் பாரிஸில் நடந்தது. 1789இல் தொடங்கிய பெரும் புரட்சி ஓய்ந்து, நெப்போலியன் வந்து போய், பழைய அரச வம்சம் திரும்பி வந்து, 1830 ஜூலையில் இன்னொரு புரட்சியும் நடந்து, அதன் பலனை லூயி பிலிப் என்ற மற்றோர் அரசர் அனுபவித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டு பாரிஸில் காலரா 18,000 பேருக்கு மேல் கொன்றிருந்தது. மக்கள் மதித்த தளபதி லமார்க்கும் அதே நோயில் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் கிளர்ச்சி வெடித்தது.

பெரும் புரட்சி இந்த நாவலில் ஒரு கிழவராக வருகிறார். பிஷப்பின் ஊருக்கு வெளியே, யாரும் நெருங்காத ஒரு பள்ளத்தாக்கில், 1793இன் புரட்சி மன்றத்தில் உறுப்பினராயிருந்த ஒருவர் சாகக் கிடக்கிறார். அவரைத் திருத்துவதற்காகச் செல்லும் பிஷப், கொல்லப்பட்ட அரச குடும்பத்துக் குழந்தையைப் பற்றிக் கேட்கிறார். அரசரின் பிள்ளைகளுக்காக நானும் உங்களோடு அழுகிறேன், மக்களின் பிள்ளைகளுக்காக நீங்களும் என்னோடு அழுவதாக இருந்தால், என்கிறார் கிழவர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகத் திரண்ட மேகம் இடித்துவிட்டது, நீங்கள் இடியின் மேல் வழக்குத் தொடுக்கிறீர்கள் என்றும் சொல்கிறார். கடைசியில், ஆசீர்வதிக்கப் போன பிஷப் மண்டியிட்டு அவரிடம் ஆசீர்வாதம் கேட்கிறார். 1862இல் இதை அச்சிட்டபோது கத்தோலிக்கர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே இது புரட்சியின் நாவல் என்று நான் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1848 ஜூனில் பாரிஸ் தொழிலாளர்கள் தெருக்களை மறித்துத் தடுப்பரண் கட்டியபோது, ஹ்யூகோ அரணுக்கு இந்தப் பக்கம் நிற்கவில்லை. அவர் சட்டமன்ற உறுப்பினராக, கிளர்ச்சியை அடக்கப் போனவர்களோடு அந்தப் பக்கம் நின்றார். மூன்று ஆண்டுகள் கழித்து லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்தபோதுதான் எதிர்ப்பாளராக மாறி நாட்டைவிட்டு ஓடினார். 1845இல் தொடங்கி, 1848இல் நிறுத்தி, குயர்ன்சி தீவில் 1860இல் மீண்டும் கையில் எடுத்த நாவல் இது. தாம் சுடப் போன மனிதர்களைப் பற்றித் தாமே எழுதும் ஒருவரின் தயக்கம் அந்தத் தடுப்பரண் அத்தியாயங்கள் முழுவதும் இருக்கிறது. கொண்டாட்டம் போலத் தோன்றும் இடங்களிலும் அது இருக்கிறது.

கேள்வி: ஒரு ரொட்டிக்காகப் பத்தொன்பது ஆண்டுச் சிறை என்பது கதைக்காக மிகைப்படுத்தியது அல்லவா? பசித்தவன் எடுத்துச் சாப்பிட்டால் அது திருட்டா என்ற கேள்விக்கு எங்கள் ஊர் வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.
– அஞ்சல் துறை ஊழியர், வடலூர்

பதில்: நாவலின் நாயகன் ழான் வல்ழானுக்கு ரொட்டிக்காக விதிக்கப்பட்டது 5 ஆண்டுகள். இரவில், குடியிருக்கும் வீட்டில், கண்ணாடியை உடைத்துத் திருடியது என்று குற்றச்சாட்டு. ழான் வல்ழானிடம் வேட்டைத் துப்பாக்கி இருந்ததும், அவன் திருட்டு வேட்டைக்காரன் என்ற பேச்சும் வழக்கைக் கெடுத்தன. நான்கு முறை தப்பியோட முயன்றதற்கு 14 ஆண்டுகள் கூடின. 1796இல் சங்கிலி பூட்டப்பட்டவன் 1815 அக்டோபரில் வெளியே வருகிறான். சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருந்தது என்பதுதான் கொடுமை. யாரும் சட்டத்தை மீறி அவனை வதைக்கவில்லை.

ரொட்டியும் கற்பனையில் முளைத்ததன்று. 1846 பிப்ரவரியில், ரொட்டி திருடிய ஒருவனைக் காவலர்கள் பாரிஸ் தெருவில் இழுத்துச் செல்வதையும், அவன் நின்று ஒரு சீமாட்டியின் வண்டியை உற்றுப் பார்ப்பதையும், அவள் அவனைப் பார்க்காததையும் ஹ்யூகோ தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் பசிக்குத் திருடியவன் குற்றமற்றவன் என்று நாவல் சொல்லவில்லை. பலர் படிக்காமல் தாண்டும் ஓர் அத்தியாயத்தில், சிறையிலிருக்கும் வல்ழான் தனக்குள்ளேயே ஒரு நீதிமன்றம் கூட்டுகிறான். முதலில் தன்னையே விசாரிக்கிறான்: கேட்டிருந்தால் அந்த ரொட்டியை ஒருவேளை கொடுத்திருப்பார்கள், பொறுத்திருக்கலாம், வேலை தேடியிருக்கலாம். தான் தவறு செய்தது உண்மை என்று தீர்ப்பு எழுதிய பிறகே சமூகத்தைக் கூண்டில் ஏற்றுகிறான்: உழைக்கத் தயாராயிருந்தவனுக்கு வேலை இல்லாமல் போனது யார் குற்றம்? தண்டனையின் எடை குற்றத்தின் எடையை விட அதிகமானால் யார் யாருக்குக் கடன்பட்டவர்? இந்தக் கணக்கைத்தான் நாவல் கடைசி வரை விடாமல் கேட்கிறது.

உங்கள் ஊர் சொன்ன பதிலை அறிவேன். இந்த நாவல் வெளிவந்த ஐந்தாம் ஆண்டு, 1867 மே 23 அன்று, வள்ளலார் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே யாரும் பசித்தவனிடம் காரணம் கேட்பதில்லை. ஹ்யூகோ சட்டத்தோடு வழக்காடுகிறார். வள்ளலார் வழக்குக்கே போகாமல் சோற்றை வடித்தார். எனக்கு இரண்டும் தேவைப்படுகின்றன. ஒன்று சொல்லாமல் விட்டதை மற்றது சொல்கிறது.

வல்ழானின் அக்காவுக்கும் அவளுடைய ஏழு பிள்ளைகளுக்கும் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டு எழுதவில்லை. அந்த ரொட்டியே அவர்களுக்காகத்தான். கடைசிப் பையன் ஒருவன் மட்டும் பாரிஸில் தாயோடு இருப்பதாக ஒரு செய்தி சிறைக்கு வருகிறது. அவள் விடியற்காலையில் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள், பள்ளிக்கூடம் திறக்கும் வரை அந்தப் பிள்ளை குளிரில் முற்றத்தில் காத்திருக்கும். அதற்குப் பிறகு அவர்கள் நாவலில் வருவதே இல்லை.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் தொழில் முறையில் வழக்கறிஞன். ஆய்வாளர் ழவேர் கையூட்டு வாங்கியவர் அல்லர். பொய் வழக்குப் போட்டவர் அல்லர். தப்பியோடிய கைதியைத் தேடியது அவர் கடமை. சட்டத்தைச் செயல்படுத்தியதற்காக அவரைக் கொடியவராகக் காட்டியது நியாயமா? சட்டத்தைவிட இரக்கம் பெரியது என்று சொல்லிவிட்டால் நீதிமன்றங்கள் எதற்கு?
– வழக்கறிஞர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ழவேர் கொடியவர் என்பதை நானும் ஏற்கவில்லை, ஹ்யூகோவும் ஏற்கமாட்டார். நாவலின் கொடியவன் தெனார்தியே; அவன் வாட்டர்லூவில் பிணங்களைக் கொள்ளையடிப்பதில் தொடங்கி, அமெரிக்காவில் அடிமை வணிகனாக முடிகிறான், அவனுக்குத் தண்டனையே இல்லை. ழவேர் சிறைக்குள் பிறந்தவர். தகப்பன் கைதி, தாய் குறி சொல்பவள். சமூகத்துக்கு வெளியே பிறந்தவன் ஒன்று அதைத் தாக்க வேண்டும், அல்லது காக்க வேண்டும் என்று கருதிக் காவலரானவர். நகரத் தலைவர் மதலேனாக மாறுபெயரில் வாழும் வல்ழானைத் தாம் தவறாகச் சந்தேகித்துவிட்டதாக நம்பியபோது, அவரிடமே சென்று, பதவி விலகல் கௌரவமானது, எனக்கு அது வேண்டாம், என்னைப் பணிநீக்கம் செய்யுங்கள் என்று கேட்கிறார். பிறருக்குக் காட்டாத இரக்கத்தைத் தமக்கும் காட்டாதவர். இப்படிப்பட்ட அதிகாரி கிடைத்தால் நம்மில் பலர் வரவேற்போம்.

உங்கள் கேள்வியின் பிற்பகுதிக்கு வருகிறேன். சட்டமா இரக்கமா என்று எதிரெதிரே நிறுத்துவதால்தான் இந்த நாவல் சிறுத்துப்போகிறது என்பது என் எண்ணம். அதன் நடு மையம் தடுப்பரணில் இல்லை, ழவேரின் துரத்தலிலும் இல்லை. அராஸ் நகர நீதிமன்றத்தில் இருக்கிறது. ஷான்மாத்தியே என்ற ஒரு கிழவன், ஆப்பிள் கிளையைத் திருடியதாகப் பிடிபட்டு, வல்ழான் என்று தவறாக அடையாளம் காட்டப்படுகிறான். தண்டனை உறுதியானால் அவனுக்கு ஆயுள் முழுவதும் சிறை. உண்மையான வல்ழானுக்கோ நிரந்தர விடுதலை. வாயை மூடிக்கொண்டிருப்பதே போதும், எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஹ்யூகோ அந்த ஓர் இரவுக்கு ஒரு நீண்ட அத்தியாயத்தைக் கொடுக்கிறார். வல்ழானின் மனம் எடுத்து வைக்கும் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. அவனுடைய தொழிற்சாலையால் ஒரு நகரமே வாழ்கிறது. நோயில் கிடக்கும் ஃபாந்தீன் என்ற பெண்ணுக்கு அவள் குழந்தையை மீட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்தப் பக்கம் இருப்பவனோ யாரென்றே தெரியாத ஒரு கிழவன், ஆப்பிளைத் திருடியும் இருக்கலாம். ஆயிரம் பேரின் நலனுக்காக ஒருவன் போகட்டுமே என்பது நம் காலத்து அரசுகள் அணைக்கட்டுக்கும் ஆலைக்கும் நிலம் எடுக்கும்போது சொல்லும் அதே வாதம். வழியில் வண்டிச் சக்கரம் உடைகிறது. போக முடியாமல் போய்விட்டதே என்று மனம் மகிழ்கிறது. இருந்தும் போய்ச் சேர்கிறான். நீதிமன்றத்தில் எழுந்து, சாட்சி சொன்ன பழைய சிறைத் தோழர்களின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, வல்ழான் நான்தான் என்று நிறுவுகிறான்.

இந்த இடத்தில் ஹ்யூகோவின் நேர்மையைப் பாருங்கள். வல்ழானின் மனம் அஞ்சியது அத்தனையும் பிறகு நடக்கிறது. ஃபாந்தீன் மகளைக் காணாமலே இறக்கிறாள். தொழில் சிதைந்து நகரம் நொடிந்துபோகிறது. காப்பாற்றப்பட்ட ஷான்மாத்தியேயோ நன்றி சொல்லவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எண்ணியபடி ஒன்றும் புரியாமல் வீட்டுக்குப் போகிறான். இலாபக் கணக்கில் வல்ழான் செய்தது முழு நட்டம். ஆனாலும் செய்யத்தான் வேண்டியிருந்தது. தன் பெயரில் இன்னொருவன் தண்டிக்கப்படக் கூடாது என்பது இரக்கம் அன்று, வழக்கறிஞர் ஐயா. அது உங்கள் நீதிமன்றம் எதற்காக இருக்கிறதோ அதுவேதான். அன்று அந்த மண்டபத்தில் நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் நேர்மையாகவே நடந்துகொண்டும், சட்டம் தவறான மனிதனைத் தண்டிக்கும் விளிம்புக்கு வந்துவிட்டது. சட்டத்தை அதன் தவற்றிலிருந்து காப்பாற்றியவன், சட்டம் தேடிக்கொண்டிருந்த குற்றவாளி.

ழவேருக்கும் இதே இரவு கடைசியில் வருகிறது. தடுப்பரணில் ஒற்றராகப் பிடிபட்ட அவரைக் கொல்லும் பொறுப்பைக் கேட்டு வாங்கிய வல்ழான், வானத்தில் சுட்டுவிட்டு அவரை விடுவிக்கிறான். தன் முகவரியையும் சொல்லி அனுப்புகிறான். பிறகு வல்ழானைக் கைது செய்யும் வாய்ப்புக் கையில் கிடைத்தும் ழவேர் விட்டுவிட்டு, சேன் ஆற்றில் குதித்து உயிர் விடுகிறார்.

தமிழ் வாசகருக்கு இங்கே பாண்டியன் நினைவு வராமல் இருக்காது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி அரியணையிலிருந்து விழுந்த நெடுஞ்செழியனும், தன் தீர்ப்பே குற்றம் என்று அறிந்த கணத்தில் உயிர் தரித்திருக்க முடியாதவன். மாறாக, புதுச்சேரியில் பாரதி எழுதிய பாஞ்சாலி சபதத்தில் பீஷ்மர் இருக்கிறார். நடப்பது அநீதி என்று அவருக்குத் தெரியும். சாத்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று விளக்கிவிட்டு, ‘தீங்கு தடுக்கும் திறமிலேன்’ என்று தலை கவிழ்கிறார். ‘பேயரசு செய்தால் பிணந்தின்னும் சாத்திரங்கள்’ என்ற பாஞ்சாலியின் சீற்றம் அவரை நோக்கியதே. ழவேர் பீஷ்மராக வாழ்ந்து பாண்டியனாக இறக்கிறார் என்று சொல்லலாம்.

ஆனால் இருவரிடமும் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. ஆற்றில் குதிப்பதற்கு முன் காவல் நிலையத்தில் உட்கார்ந்து, 1832 ஜூன் 7, இரவு ஏறத்தாழ ஒரு மணி என்று தேதியிட்டு, பணியின் நலனுக்காகச் சில குறிப்புகள் என மேலதிகாரிக்கு எழுதி வைக்கிறார். சோதனையின்போது கைதிகளைக் கல் தரையில் வெறுங்காலுடன் நிறுத்துகிறார்கள், பலர் இருமிக்கொண்டு திரும்புகிறார்கள். நெசவுக் கூடத்தில் ஓர் இழை விட்டுப்போனால் கைதியின் கூலியில் பத்து சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) பிடிக்கிறார்கள்; துணி அதனால் கெடுவதில்லை, இது ஒப்பந்தக்காரரின் முறைகேடு. இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். வாழ்நாள் முழுவதும் கண்ணில் பட்டும் சொல்லாதவற்றை அவர் அன்றுதான் சொல்கிறார். நாவலில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் எது என்று கேட்டால், பலரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

கேள்வி: வாட்டர்லூ போர், கன்னிமாடம், பாரிஸ் சாக்கடை என்று ஆசிரியர் கதையை விட்டு விட்டுப் போகிறார். இவற்றைத் தாண்டிவிட்டுப் படித்தால் பாவமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நெல்லிக்குப்பம்

பதில்: கன்னிமாடத்தைத் தாண்டலாம். வாட்டர்லூவைத் தாண்டினாலும் அதன் கடைசிப் பக்கங்களைத் தாண்டக் கூடாது, தெனார்தியே அங்கேதான் வருகிறான். சாக்கடையை மட்டும் தாண்டாதீர்கள். பாரிஸ் ஆண்டுதோறும் இரண்டரைக் கோடி பிராங்கை ஆற்றில் கொட்டுகிறது, வயலுக்குப் போக வேண்டிய உரம் வீணாகிறது என்று ஹ்யூகோ அங்கே கணக்குப் போடுகிறார். கழிவைக் கழிவு என்று தள்ளும் நகரம்தான் மனிதனையும் கழிவு என்று தள்ளுகிறது என்பது அவர் வாதம். அதைச் சொன்ன பிறகே, தடுப்பரணில் காயம்பட்ட மரியுஸ் என்ற இளைஞனைத் தோளில் சுமந்துகொண்டு வல்ழான் அந்த இருட்டில் இறங்குகிறான்.

கேள்வி: தண்டனை முடிந்து வந்தவனுக்கு மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு கொடுத்து, போகும் ஊரெல்லாம் காட்டச் சொன்னார்கள் என்று படித்தபோது தூக்கம் வரவில்லை. நம் நாட்டில் இப்படி ஏதாவது இருந்ததா?
– வாசகர், கேப்பர் மலை, கடலூர்

பதில்: சிறைச்சாலையின் பக்கத்தில் குடியிருந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள், கேட்க வேண்டியவரே நீங்கள்தான். வல்ழானின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது ஆண்டு உழைப்புக்கு 171 பிராங்க் வர வேண்டும் என்று அவன் கணக்கு. கையில் வந்தது 109 பிராங்க், 15 சூ. வெளியே வந்த மறுநாள் கிராஸ் நகரில் மூட்டை இறக்குகிறான். நன்றாக வேலை செய்கிறான் என்று பாராட்டிய முதலாளி, மஞ்சள் சீட்டைப் பார்த்ததும் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுக்கிறார். உனக்கு இது போதும் என்பதே விளக்கம். விடுதியில் இடமில்லை, நாய்க்கூண்டிலும் இடமில்லை.

நம்மிடம் இருந்தது இதைவிடக் கொடியது. வல்ழான் திருடிய பிறகு முத்திரை குத்தப்பட்டான். இங்கே பிறந்ததற்கே குத்தினார்கள். 1871இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். சில சமூகங்களில் பிறந்த ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் தங்கள் இருப்பைக் காட்ட வேண்டும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. நம் பழைய தென்னார்க்காட்டிலேயே அஜீஸ் நகரில் இத்தகைய மக்களை அடைத்து வைத்த குடியேற்றம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீங்கியது. சட்டம் போனாலும் காவல் நிலையக் குறிப்பேட்டில் பழைய பார்வை எவ்வளவு காலம் தங்கியது என்பதை அந்தச் சமூகத்துப் பெரியவர்களிடம் நீங்களே கேட்டறியலாம்.

கேள்வி: ஃபாந்தீனின் மகள் கொசேத் எனக்குப் பொம்மையாகத் தோன்றுகிறாள். நான் நினைப்பது தவறா?
– இல்லத்தரசி, உழவர்கரை

பதில்: தவறில்லை. எட்டு வயதில் வாளியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தண்ணீருக்குப் போகும் கொசேத் உயிருள்ளவள். வளர்ந்த கொசேத்துக்கு ஹ்யூகோ அழகைத் தவிர எதையும் கொடுக்கவில்லை. அவள் தாயைப் பாருங்கள். ஃபாந்தீன் வேலை இழந்தது கெட்ட முதலாளியிடம் அன்று. நல்லவனான வல்ழானின் தொழிற்சாலையில், அவனுக்குத் தெரியாமல், ஒழுக்கத்தைக் காக்கும் மேற்பார்வைக்காரி அவளை நீக்கிவிடுகிறாள். பிறகு சட்டை தைக்கிறாள். சிறைக் கைதிகளை வைத்துக் குறைந்த கூலிக்குத் தைக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரால் வெளியே தைக்கும் பெண்களின் கூலியும் விழுகிறது: 17 மணி நேர உழைப்புக்கு 9 சூ. முடியை 10 பிராங்குக்கு விற்கிறாள், முன் பற்கள் இரண்டையும் விற்கிறாள். சிறை உள்ளே இருப்பவனை மட்டும் அழிப்பதில்லை, வெளியே தைத்துக்கொண்டிருப்பவளின் கூலியையும் அது தின்கிறது என்பதை 1862இலேயே ஒரு நாவலாசிரியர் கண்டு எழுதினார் என்பதற்காக, வளர்ந்த கொசேத்தை நான் மன்னித்துவிடுகிறேன்.

கேள்வி: என் பாட்டனார் பஞ்சாலைத் தொழிலாளி. 1936 துப்பாக்கிச் சூட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார். தடுப்பரண் பகுதியைப் படித்தபோது அவர் குரல்தான் கேட்டது. இரத்தம் சிந்தித்தான் நீதி வருமா? ஹ்யூகோ என்ன சொல்கிறார்?
– வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு நிர்வாகம் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அப்போராட்டத்துக்கு வ. சுப்பையா தலைமை தாங்கினார். பாரிஸில் அப்போது லெயோன் ப்லூமின் மக்கள் முன்னணி ஆட்சி. அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேர வேலையும் ஊதியத்துடன் விடுமுறையும் சட்டமாகியிருந்தன. ஒரே குடியரசு, ஒரே கோடைகாலம். அங்கே சட்டம், இங்கே குண்டு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று தலைப்பில் அச்சிட்ட தாளில்தான் இந்த நகரத்து ஆணைகளும் வந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டு இங்கும் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆகவே இரத்தம் சிந்தித்தான் வந்தது என்று உங்கள் பாட்டனார் சொன்னால், அதை மறுக்க நான் யார்?

ஹ்யூகோவின் பதில் நேரானதன்று. அன்ஜோல்ரா என்ற இளைஞன் அரணின் மேல் நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு பெரியது, இருபதாம் நூற்றாண்டு இன்பமாயிருக்கும் என்று முழங்குகிறான். இருபதாம் நூற்றாண்டைப் பார்த்துவிட்ட நமக்கு அது வலிக்கிறது. ஆனால் அதே அன்ஜோல்ரா, தன் அணியில் இருந்துகொண்டு ஒரு வயதான வாயிற்காவலரைச் சுட்டுக் கொன்றவனை மண்டியிடச் செய்து, ஒரு நிமிடம் கொடுத்துச் சுடுகிறான். சுட்டுவிட்டு, என்னையும் நான் விசாரித்துவிட்டேன், எனக்கு என்ன தண்டனை என்பதை விரைவில் காண்பீர்கள் என்கிறான். அன்ஜோல்ராவின் பெருமையே அதுதான். தான் செய்தது தேவை என்று நம்பியும், அதற்கு விலை இல்லை என்று அவன் நடிக்கவில்லை. வெற்றி இல்லை என்று தெரிந்ததும், மனைவி மக்கள் உள்ளவர்கள் வெளியேற வேண்டும் என்று அரணில் வாதம் நடக்கிறது. ஐந்து பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். தப்பிச் செல்ல அணிய வேண்டிய எதிர்ப்படைச் சீருடைகள் நான்குதான். அப்போது ஐந்தாவது சீருடை மேலிருந்து வந்து விழுகிறது. அதைக் கழற்றிப் போட்டவன் வல்ழான். சண்டைக்கு வந்தும் அவன் ஒருவரையும் கொல்லவில்லை.

இந்தக் கேள்வியோடு ஹ்யூகோ அமைதியடையவில்லை. 1874இல், தம் கடைசி நாவலான ‘தொண்ணூற்று மூன்று’ நூலில் மீண்டும் இதற்கே வந்தார். அதில் அரச கட்சித் தளபதி லாந்த்னாக் தப்பிவிட்ட பிறகு, எரியும் கோபுரத்தில் சிக்கிய மூன்று குழந்தைகளைக் காக்கத் திரும்பி வந்து பிடிபடுகிறான். குழந்தைகளைக் காத்தவனைக் கொல்வது புரட்சிக்கு அழகில்லை என்று குடியரசுத் தளபதி கோவேன் அவனைத் தப்பவிட்டுத் தான் சிறையில் அமர்கிறான். கோவேனைத் தன் பிள்ளை போல் வளர்த்த ஆசான் சிமூர்தேனே நீதிபதி. மரண தண்டனைக்கு அவன் வாக்குதான் தீர்மானமாகிறது. கில்லட்டின் விழும் அதே நொடியில் சிமூர்தேன் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். ழவேரை எழுதிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மனிதனைப் புரட்சியின் பக்கத்தில் வைத்து எழுதிப் பார்த்திருக்கிறார். அரசு மாறினாலும் ழவேர் மாறுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு அத்தனை காலம் ஆயிற்று. உங்கள் பாட்டனாரின் தோழர்களைச் சுட்டதும் குடியரசுதான் என்பதால் இந்த இரண்டாவது நாவலை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

கேள்வி: தமிழில் எங்கிருந்து தொடங்குவது? திரைப்படம் பார்த்தால் போதாதா?
– கணினி மையம் நடத்துபவர், பண்ருட்டி

பதில்: புதுச்சேரி ஆசிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ தான் தமிழ் வாசகரின் வழக்கமான வாசல். 1950இல் பட்சிராஜா நிறுவனத்துக்காகக் கே. ராம்நாத் இயக்கி, நாகையா நடித்த திரைப்படமும் அதிலிருந்து வந்ததே. ஆய்வாளராக நடித்த சீதாராமன் அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் ‘ஜாவர்’ சீதாராமன் ஆனார். வல்ழானாக நடித்தவருக்குக் கிடைக்காத பெயர் மாற்றம் துரத்தியவருக்குக் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. படத்தைப் பாருங்கள், சுருக்கத்தைப் படியுங்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களும் ஆங்கிலம் வழியாகப் படிக்கக்கூடியவர்களும் முழு நூலைப் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். பருமனைக் கண்டு அஞ்சினால், முதல் பாகத்தின் ஏழாவது பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். அராஸ் வழக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது.